கடைசி வரை ஓடிய பச்சைக் கோடு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நானும் உன் மாமாவும்தான், இந்த வீட்டில் இப்போது அவ்வளவுதான் ஆள். போனில் தினமும் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நீ பதறாதே. எனக்கு ஒன்றும் இல்லை. முட்டிவலி வழக்கம்போல் மாடிப்படியில் மட்டும் பேசுகிறது. போனில் நான் ஏதாவது கேட்டால் நீ யோசிக்காமல் "ஒண்ணும் இல்லப்பா" என்பாய், நானும் சரி சரி என்று வைத்துவிடுவேன். இந்த விஷயத்தை அப்படி வைத்துவிட முடியவில்லை, அதனால் பேனாவை எடுத்தேன். உன் மாமா எதிரே உட்கார்ந்து, அப்படி என்னதான் எழுதுறீங்க மச்சான், நாவலா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். உன் அம்மாவின் தம்பி அல்லவா, அடுத்தவர் காகிதத்தில் மூக்கை நுழைப்பது ரத்தத்திலேயே இருக்கிறது.

நீ சொன்னபடி அந்தச் சந்தா டிவியை நிறுத்திவிட்டேன். பார்க்காத டிவிக்கு எதுக்குப்பா மாசா மாசம் அழறீங்க என்று நீ கேட்டது நியாயம்தான். உன் அம்மா போனபிறகு நான் அந்த ரிமோட்டைத் தொட்டதே இல்லை, மாமா செய்தி பார்ப்பதோடு சரி. நிறுத்தச் சொல்லிப் பேசினால் அந்தக் கம்பெனிப் பெண் லேசில் விட்டாளா? பாதி விலைக்குத் தருகிறேன் என்றாள், விளையாட்டுச் சேனல் இலவசம் என்றாள், கடைசியில் ஏன் சார் நிறுத்துறீங்க, எங்க மேல ஏதாவது குறையா என்று கேட்டாள். வீட்டில் பார்க்க ஆள் இல்லை என்றேன். ஒரு வாரத்தில் ஆள் அனுப்பி அவர்களுடைய பதிவுப் பெட்டியை எடுத்துக்கொள்வோம் என்றாள். சேனல்கள் மறுநாளே இருண்டுவிட்டன. நானும் ஒரு வேலை ஒழிந்தது என்று இருந்தேன். ஆனால் அன்று சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து மாத்திரை டப்பாவை நிரப்பிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெட்டியில் 'டிக்' என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. உன் அம்மா தினமும் பதிவாகும்படி அந்த நேரத்தைத்தான் போட்டு வைத்திருந்தாள், ஞாபகம் இருக்கிறதா, அவள் பார்த்த துறைமுகத் தொடர் வரும் நேரம். தொடர் எப்போதோ முடிந்துவிட்டது. பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது, அதற்கு அவள் சொன்ன நேரம்தான் தெரியும். சேனலே இல்லாவிட்டாலும் அது எழுந்து வெறும் இருட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தானாக அணைந்தது. மறுநாளும் அப்படியே. மாமா ஒயரைப் பிடுங்கி எறியட்டுமா என்றான். நான் அவனை வைத விதத்தில் அன்றைக்கு அவன் சாப்பிடவே வரவில்லை, நான்தான் போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது.

சரி, செய்திக்காவது ஒரு டிவி வேண்டுமே, மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்தால் இலவசச் சேனல்கள் வரும், அதைப் பதிவு செய்ய ஒரு ரெக்கார்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று மாமா சொன்னான். இருவரும் கடைவீதிக்குப் போனோம். அந்தக் கடையில் ஒரு அம்மாள் இருக்கிறாள், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, பொறுமையின் சிகரம். மூன்று பெட்டிகளை மேஜைமேல் வைத்தாள். ஒன்று சின்னது, அதில் நாமே பென் டிரைவ் செருகவேண்டும், ஒரு நேரத்தில் ஒரு சேனல்தான் பதிவாகும். இன்னொன்று பார்க்க அழகாக இருந்தது, ஆனால் நிகழ்ச்சிப் பட்டியலைக் காட்டவே வருஷா வருஷம் கட்டவேண்டுமாம். ஒரு சந்தாவை நிறுத்திவிட்டு இன்னொரு சந்தாவில் விழுவதற்கா இவ்வளவு தூரம் நடந்து வந்தேன் என்று அதைத் தள்ளிவிட்டேன். மூன்றாவதில் உள்ளேயே ஹார்ட் டிஸ்க், ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாம். அதில் பெரிய டிஸ்க் வேணுமா சின்னது போதுமா, ஒரே நேரத்துல எத்தனை பதிவு பண்ணுவீங்க, எவ்வளவு நாள் வச்சிருப்பீங்க என்று அந்த அம்மாள் கேட்டாள். நான் திருதிருவென்று விழித்தேன். பஸ் டிப்போவில் எஞ்சினைக் கழற்றி மாட்டியவன்தான், ஆனால் இந்த இலாகா முழுவதும் உன் அம்மாவுடையது. மாமா உடனே, டிஸ்க் நிறைஞ்சா மச்சான் அழிக்க விடமாட்டார், பெருசாவே குடுங்க என்றான். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பழைய பெட்டில இருக்கிற லிஸ்டைப் பாருங்க சார், எவ்வளவு சேர்ந்திருக்குன்னு தெரிஞ்சா எது போதும்னு நானே சொல்லிடறேன் என்றாள். அதனால்தான் அந்தப் பட்டியலைத் திறந்தேன். இல்லாவிட்டால் திறந்திருக்கவே மாட்டேன்.

எங்கள் வழக்கம் உனக்கு முழுதாகத் தெரியுமோ தெரியாதோ. எனக்கு எப்போதும் இரண்டாம் ஷிஃப்ட். சாயங்காலம் தொடர் வரும்போது நான் பஸ்ஸுக்கு அடியில் கிடப்பேன். அவள் திரைச்சீலை தைத்துக்கொண்டே பாதி வரை பார்ப்பாள், சரியாகப் பாதியில் நிறுத்திவிடுவாள். மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது அந்தப் பாதியின் கதையை எனக்கு நடித்தே காட்டுவாள், பிறகு மீதியை இருவரும் சேர்ந்து பார்ப்போம். பார்த்து முடித்ததும் அன்றே அழித்துவிடுவாள். எனக்குத் தெரியாமல் ஒரு நிமிஷம் கூடத் தாண்டிப் பார்த்ததில்லை. ஆவலில் துடித்தாலும் பார்க்கமாட்டாள். அந்தத் தொடரில் கடலுக்குப் போன தம்பியைத் தேடி ஒரு அக்கா ஊர் ஊராக அலைவாள். தம்பி உயிரோடுதான் இருக்கிறான் என்பது உன் அம்மாவின் கட்சி. அவன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான் என்பது என் கட்சி. இதற்காக நாங்கள் போட்ட சண்டையில் இரண்டு தடவை காப்பி ஆறிப்போயிருக்கிறது. கடைசிப் பகுதி வந்தது அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள். பாதி பார்த்துட்டேன், மீதியை நான் திரும்பி வந்ததும் பார்க்கலாம், அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் கேட்டுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். அவள் வரவில்லை. நானும் பார்க்கவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. மாமாவுக்கு முடிவு தெரியும், வாயைத் திறந்தால் வீட்டை விட்டே அனுப்பிவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்தப் பெட்டியில் ஒரு வசதி உண்டு. எதை எவ்வளவு பார்த்தோமோ அந்த அளவுக்குப் பெயருக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு ஓடியிருக்கும். மேலே எல்லாம் அவள் போனபிறகு பதிவானவை, கோடே இல்லை, அதிலும் மேலே இருந்தவை வெறும் இருட்டு. கீழே இறங்கிப் போனேன். அவள் உடம்புக்கு முடியாமல் இருந்த நாட்களில் சேர்ந்துபோன நாலைந்து, எல்லாவற்றிலும் கோடு பாதியில் நிற்கிறது, எனக்காக நின்ற பாதி. அவற்றை ஒட்டி மேலே அந்தக் கடைசிப் பகுதி. அதில் மட்டும் கோடு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை முழுப் பச்சை. முதலில் மாமாவைப் பிடித்தேன். நான் தொட்டதே இல்ல மச்சான், அப்போ நான் இங்க குடி வரலையே, என் வீட்டிலயே அன்னைக்குப் பார்த்துட்டேன் என்றான். பெட்டியில்தான் கோளாறு என்று நினைத்தேன். டிப்போவில் மீட்டர் முள் ஒட்டிக்கொள்வது போல இதுவும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கடை அம்மாளிடம் மறுநாள் போய்க் கேட்டேன். அப்படி ஆகாது சார், யாரோ கடைசி வரைக்கும் பார்த்திருக்காங்க என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ரெக்கார்டர் இன்னொரு நாள் வாங்கிக்கலாம், உட்காருங்க என்று தண்ணீர் கொடுத்தாள்.

சந்தா நிறுத்தியபிறகு பட்டியல்தான் தெரியும், எதுவும் ஓடாது. அது நிறுத்தும்போது எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. பெட்டி எடுக்க வந்தவரை முதல் தடவை, அடுத்த வாரம் வாங்க என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டாம் தடவை வந்தபோது உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். கணக்கு மூடின பிறகு யாராலும் திறக்க முடியாதுங்க, மறுபடி சேர்ந்தாலும் புதுக் கணக்குதான், பழசு வராது என்றார். நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியாத முகம். வேணும்னா ஒண்ணு காட்டறேன் என்று ரிமோட்டில் ஏதோ அழுத்தினார். கடைசியாகப் பார்த்த நாள், நேரம் என்று திரையில் வந்தது. அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலை. அன்று காலை என்னை ஃபிளாஸ்க் வாங்க அனுப்பினாளம்மா. வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே என்றேன். அது சூடு நிக்கல, பெரிய கடைக்கே போங்க, பக்கத்துக் கடையில வேண்டாம், அவன் மட்டமானதைத் தலையில கட்டிடுவான் என்றாள். நான் நடந்து போய் நடந்து வந்தேன். திரும்பி வந்தபோது டிவி அணைந்திருந்தது. முகம் கழுவிப் பொட்டு வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுக்குள்ள வந்துட்டீங்களா என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போறவ கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கியே என்று நான் கேலி செய்தேன். சிரித்தாள். சின்ன வீக்கம், எடுத்துட்டா ரெண்டே நாள்ல வந்துடுவேன், டாக்டரே சொல்லிட்டார் என்று டாக்சியில் போகும்போது எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் எனக்குத் தைரியம் சொன்னாள், பார்த்துக்கொள்.

பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அழித்துவிட்டு வேறு யார் வீட்டுக்கோ கொடுப்பார்களாம். கோபம் வந்தது என்றே எழுதுகிறேன், மறைக்கவில்லை. இரண்டு நாள் அவள் போட்டோவைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து முடிவைப் பார்த்திருக்கிறாள் என்றால், திரும்பி வரமாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பார்த்து முடித்ததை அழிக்கிறவள் அதை மட்டும் அழிக்காமல் விட்டுப் போயிருக்கிறாள், நான் பார்க்கட்டும் என்றுதான். நானோ அவள் வந்துதான் பார்க்கவேண்டும் என்று ஒரு வருஷம் தொடாமல் வைத்திருந்து, கடைசியில் என் கையாலேயே மூடிவிட்டேன்.

ரெக்கார்டர் வாங்கிவிட்டேன், அந்த மூன்றாவதுதான், சின்ன டிஸ்க் போதும் என்று கடை அம்மாளே சொல்லிவிட்டாள். படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஆனால் முதல் நாள் சாயங்காலம் அந்த நேரம் வந்தது, விளக்கு எரியவில்லை. வீடு அப்படி ஒரு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை, அவள் போன அன்றுகூட ஆட்கள் இருந்தார்கள். எழுந்து போய் வாசலில் நின்றேன். மறுநாள் அதே நேரத்துக்குப் பதிவு போட்டு வைத்தேன். இலவசச் சேனலில் அப்போது வருவது காய்கறி விலை நிலவரம். இப்போது தினமும் அது பதிவாகிறது, இந்தப் பெட்டியில் விளக்கு நீலம். மாமா முதலில், வெங்காய விலையைச் சேர்த்து வச்சு என்ன மச்சான் பண்ணப் போறீங்க என்று கிண்டல் செய்தான். இப்போது அவனும் அந்த நேரத்துக்கு வந்து பேசாமல் உட்கார்ந்துகொள்கிறான். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பது எனக்கு வேண்டாம், அந்தக் கதை எப்படியோ போகட்டும். அவளுக்கு ஆபரேஷன் என்று நான் உனக்குப் போன் செய்வதற்கு முன்பே நீ டிக்கெட் எடுத்திருந்தாய். லீவு கிடைச்சுதுப்பா, சும்மா பார்க்கலாம்னு வரேன் என்றாய். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை, மகள் வருகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உன்னிடம் சொல்லியிருந்தாளா அம்மா? சொல்லாதே என்று உன்னிடமும் சத்தியம் வாங்கினாளா? ஆமாம் என்றால் நான் உன்னைக் கோபித்துக்கொள்ள மாட்டேன். இவ்வளவு நாள் அதை ஒற்றையாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, நான் போனில் டிவியைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாயே என்றுதான் வருத்தப்படுவேன். இல்லை என்றால், இந்த வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் அவள் தனியாகவே அதைச் சுமந்தாள் என்று ஆகிறது. எது என் மனதுக்கு ஆறுதல் என்று எனக்கே தெரியவில்லை. நீ உண்மையை எழுது, எனக்காக எதையும் குறைத்து எழுதாதே.

பேத்திக்கு என் முத்தம். மாப்பிள்ளையிடம் குளிரில் வண்டி ஓட்டும்போது நிதானம் என்று சொல், பிரேக் கட்டையைப் பார்க்கச் சொல். நீ நீண்ட ஆயுளோடு, குறையில்லாமல், சிரித்த முகமாக இருக்கவேண்டும் என்று வாழ்த்துகிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்கு உடம்புக்கு எது வந்தாலும் முதலில் என்னிடம் சொல். நான் தாங்குவேனம்மா. தாங்குவேன் என்று உன் அம்மா கடைசி வரை நம்பவில்லை, நீயாவது நம்பு.

இப்படிக்கு,
உன் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்
அப்பா