வெட்டிய முகம்

கனகாம்பிகைக்கு,

கொழும்பில் நான் சுகம். உம்முடைய முழங்கால் நோ எப்படி? போனில் கதைக்கப் பயம்; எனக்குத்தான் எழுத வராதே, அதனால் பக்கத்துக் கடைக் காவலாளி ஏரம்பு அண்ணையைக் கொண்டு எழுதுவிக்கிறேன்.

யாழ்தேவி ரயில் ஓடாமல் நின்ற வருடம், ஆமிக்குப் பயந்து, இயக்கத்துக்குப் போன என் தம்பியின் முகத்தைப் படத்திலிருந்து வெட்டி ஒளித்தீர். மகன் சுதாகரன் அதைத் திரும்பப் பொருத்திப் பேஸ்புக்கில் போட்டிருக்கிறான். நேற்று சிவில் உடுப்பில் இருவர் வந்து, படத்தைக் காட்டி, "ஐயா, இது ஆர்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். தேத்தண்ணியும் வாங்கித் தந்தார்கள். சொந்தத் தம்பியைத் தெரியாது என்றேன்.

பெண்பிள்ளைகளின் படத்தைப் போட்டு மிரட்டுகிறவனை அரசாங்கம் கண்காணிக்கட்டும். செத்தவனை நினைத்து அழுகிறதையுமா பார்க்க வேண்டும்?

கூழ் காய்ச்ச ஒடியல்மா கொஞ்சம் அனுப்பும். படத்தை இன்றைக்கே அழிக்கச் சொல்லும். அதில் நிற்கிற தம்பியும் கூட்டாளிமார் மூவரும் போய்விட்டார்கள். தம்பியின் கையில் இருக்கிற குழந்தை, எங்கடை சுதாகரன் மட்டும்தான் மிச்சம்.