அங்கியின் கையைக் கொடி என்று எடுத்துப்போன ஆய்வாளர் குறித்து

அனுப்புநர்:
தையல்காரி,
கடைத்தெரு முனைத் தையற்கடை
(தற்சமயம் அதே கடையின் வாசல்).

பெறுநர்:
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் கடைக்கு வைத்த முத்திரையை, வைத்த ஆய்வாளரே வந்து அகற்ற ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வக்கீல்கள் அணியும் கறுப்பு அங்கி தைத்துப் பிழைப்பவள். அமைச்சர் எங்கள் தெரு வழியே போவதற்கு முந்தின நாள், கடைத்தெரு நிறைந்திருந்த மாலையில் ஆய்வாளர் வந்தார். மேசையில் கிடந்த கறுப்புத் துணியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தைத்து வைத்திருந்த அங்கிக் கை ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "கொடிக்குக் கம்பு செருக வழி வேற விட்டிருக்கியா?" என்றார். "சார், அது கை. உங்க கையை விட்டுப் பாருங்க" என்று பணிவுடன் தெரிவித்தேன். விட்டுப் பார்த்திருந்தால் இந்த மனுவுக்கே வேலையில்லை. துணியையும் தையல் மிஷினையும் ஜீப்பில் ஏற்றிவிட்டு, தெருவே வேடிக்கை பார்க்கக் கடைக்கு முத்திரை வைத்தார்.

2. இனிக் கறுப்புத் துணி தைப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தால் மிஷினைத் தருவதாக மறுநாள் நிலையத்தில் சொன்னார். என் கணவர்கூட, "எழுதிக் குடுத்துத் தொலையேன், பொழப்பப் பாப்போம்" என்றார். மிஷின் இல்லாமல் குடும்பம் ஓட்டுவது கஷ்டம்தான். ஆனாலும் எழுத மனம் வரவில்லை. எந்த நிறத்தைத் தைப்பது என்று இன்று அங்கே கேட்டால், எதைப் பேசுவது என்று நாளை அங்கேதான் கேட்க வேண்டும்.

3. அங்கிக்குக் காத்திருந்த வக்கீல்கள் எனக்காக வழக்குப் போட்டார்கள். நீதிபதி அம்மா, கைப்பற்றிய கொடிகளைக் கொண்டுவரச் சொன்னார். மூட்டையைப் பிரித்ததும் ஓர் இளம் வக்கீல் அந்தக் கையை மாட்டிக்கொண்டு நின்றார். அளவு கச்சிதம்! அத்தனை பேரும் சிரித்தார்கள்; நானும் வாய்விட்டுச் சிரித்தேன். நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. "கொடியாவே இருக்கட்டும். எந்தச் சட்டத்துல எடுத்தீங்க?" என்று கேட்டார். ஆய்வாளர் மின்விசிறியைப் பார்த்தார். மிஷினைத் திருப்பித் தரவும் முத்திரையை அகற்றவும் அங்கேயே உத்தரவானது.

4. நேற்று மிஷின் வந்தது. கொண்டுவந்த காவலர், "முத்திரையை நீங்களே பிச்சுக்கங்கக்கா, சார் வர மாட்டாரு" என்றார். அங்கி என்பதால் திருப்பித் தரப்பட்டது என்று எழுதிய தாளில் கையெழுத்தும் கேட்டார். நான் போடவில்லை. கொடி தைப்பதும் குற்றமில்லை என்பதால்தான் மிஷின் திரும்பியது.

5. ஆகவே, ஊர் பார்க்க வைத்த முத்திரையை அதே ஆய்வாளர், அதே மாலை நேரத்தில், தன் கையால் அகற்ற ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அதுவரை வாசலிலேயே மிஷினைப் போட்டுத் தைக்கிறேன். உள்ளே இருந்ததைவிட இங்கே வியாபாரம் ஜோர்.

6. அமைச்சர் அடுத்த வாரம் மறுபடி வருகிறார். புதுச் சாலைக்கு நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் என்னிடம் வேலை கொடுத்திருக்கிறார்கள். இம்முறை நான் தைப்பவை கொடிகளேதான். கம்பு செருக வழி விட்டே தைக்கிறேன். ஆய்வாளர் மீண்டும் குழம்பக் கூடாதே என்று முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். இதை அனுமதி கேட்டதாகக் கொள்ள வேண்டாம்.

நாள்: மிஷின் வீடு திரும்பிய மறுநாள்
இடம்: முத்திரையிட்ட என் கடையின் வாசல்

இப்படிக்கு,
(ஒப்பம்)
'கறுப்புக்கொடி அக்கா' என்று இப்போது தெருவே அழைக்கும் தையல்காரி