கண்ணாடிக்குள் கடலின் அடி

அமெரிக்கத் துறைமுகம்,
12-8-1953

அம்மாவின் பாதங்களுக்கு வரதனின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ராயபுரத்தில் மழை உண்டா?

சரக்கு இறக்க மூன்று நாள் ஆகும் என்றார்கள். நானும் என்னோடு கப்பலில் வேலை செய்யும் காசிமேட்டுக் குப்பனும் பஸ் ஏறி, கடல் உயிர்களைக் காட்டும் பெரிய பூங்காவுக்குப் போனோம். நம் தெருவே அடங்கிவிடும் தொட்டியில் ஓங்கில்கள், இங்கே டால்பின் என்கிறார்கள், துள்ளின. சுவரில் பதித்த கண்ணாடி வழியாக அடியைப் பார்த்தேன். தலை முழுதும் மூடும் செம்புத் தொப்பி மாட்டிய முக்குளிப்பவன் ஒருவன் மணலில் நின்று மீன்களுக்கு இரை ஊட்டிக்கொண்டிருந்தான். வெயில் அவன் காலடிவரை இறங்கி மெல்ல ஆடியது. என்னைப் பார்த்துக் கையசைத்தான். நம் தம்பி தேசப்பனே நிற்பதுபோல் இருந்தது. கிட்டே போனவன் கண்ணாடியில் நெற்றியை மோதிக்கொண்டேன்.

"இன்னா மச்சான், உள்ள பூந்துடுவே போல கீதே!" என்று குப்பன் சிரித்தான். லேசான வீக்கம்தான், வடிந்துவிட்டது.

தம்பி எண்ணூர்க் கடலில் மூழ்கிய நாளிலிருந்து, "அடியில இருட்டா இருக்குமே, புள்ள பயந்துக்குமே" என்று அழுகிறீர்கள். நான் பார்த்துவிட்டேன் அம்மா. அங்கே வெளிச்சம் இருக்கிறது.

கப்பல் அடுத்து கொழும்புக்குப் போகிறது; அந்த விலாசத்துக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்புங்கள். அக்காவை நீளமாகக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். தெரு நாய் குட்டி போட்டிருந்தால் அதையும் எழுதட்டும்.

கப்பலில் சங்கு ஊதுகிறார்கள். தம்பி போனபின் நீங்கள் மீனையே தொடுவதில்லையாம். இந்தக் கடிதம் வரும் நாளிலாவது ஒரு துண்டு சாப்பிடுங்கள் அம்மா.

உங்கள் மகன்,
வரதன்