ஜாக்கி நிற்கும் அறை

மார்ச் 6

கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சுவரை இன்று இடித்துவிட்டார்கள். அங்கே உத்திரம் போடும்வரை மாடித் தளத்தைத் தாங்க, வரிசையாக இரும்பு ஜாக்கிகள். குழாய்க்குள் குழாய், கழுத்தில் ஒரு வளையம். அதைத் திருகினால் உள்குழாய் உயர்ந்து மேற்பலகையை முட்டும். மாலை வெயில் சாய்ந்து விழுந்தபோது, இலையில்லாத தோப்புக்குள் நிற்பதுபோல் இருந்தது.

நேர் மேலே மனைவியின் கட்டில். இடுப்பு முறிந்த பிறகு அவள் கீழே இறங்கவே இல்லை. தடையில்லாமல் சக்கர நாற்காலியில் சமையலறைவரை போக வேண்டும் என்று அவள் கேட்டதால்தான் இந்த வேலை. அது முடியும்வரை மகள் வீட்டில் இரு என்றால் கேட்கவில்லை. “என் வீடு விழுந்தா நான் இல்லாம விழக்கூடாது” என்கிறாள்.

மார்ச் 8

ஒரு ஜாக்கியை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அசையவில்லையா, எனக்குத் தெரியவில்லையா? வளையத்தைக் கொஞ்சம் திருகினேன். நிம்மதி.

மார்ச் 9

பல் தேய்த்ததும் அதே வேலை. எல்லாவற்றுக்கும் ஒரு சிறு திருகு. கட்டிலுக்குக் கீழே நிற்பதற்கு மட்டும் கூடுதலாக. பகல் தூக்கத்தில் வீடு மெல்ல மிதந்து போயிற்று. ஜாக்கிகள் தண்ணீரில் நாணல்போல் ஆடின. பயமே இல்லை.

மார்ச் 11

அவள் அறைக் கதவு எவ்வளவு தள்ளியும் திறக்கவில்லை. மேலே சுவரில் புது விரிசல். பால் தம்ளரோடு நிற்கிறேன். என்ன செஞ்சு தொலைச்சேன் நான்? அவ உள்ள, நான் வெளிய —

மதியம்

கொத்தனார் வந்து ஜாக்கிகளைத் தட்டிப் பார்த்தார். “யாரு இத திருகினது?”

நான் வாய் திறக்குமுன் மாடியிலிருந்து அவள் குரல்: “வேற யாரு, அவருதான். தினம் காலையில கிர்ர்னு கேக்கும். ஏதோ உடற்பயிற்சின்னு விட்டுட்டேன்.”

“பலகையோட இறுக்கமா நின்னா போதும் ஐயா. நீங்க தளத்தையே தூக்கிட்டீங்க. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அம்மாவ மொட்டமாடிக்கே ஏத்திருப்பீங்க.”

ஒரேயடியாகத் தளர்த்தினால் பாரம் மற்றவற்றின் மேல் திடுமென விழுமாம். “நீங்களே இறக்குங்க. நான் சொல்றப்ப நிறுத்துங்க” என்றார். துளித்துளியாகத் தளர்த்தினேன். மேலே மரம் முனகியது. பிறகு கதவு தானாகத் திறக்கும் ஓசை.

“திறந்துடுச்சுங்க. பால் ஆறியிருக்கும், சுட வெச்சுக் கொண்டு வாங்க.”

மார்ச் 14

உத்திரத்துக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. “இறுகுற வரைக்கும் கைய பின்னால கட்டிக்கிட்டே நடங்க ஐயா” என்றார் கொத்தனார். அப்படியே நடக்கிறேன்.

ஏப்ரல் 7

ஜாக்கிகள் போய்விட்டன. உத்திரம் நிற்கிறது. மருமகனும் கொத்தனாரும் அவளை நாற்காலியோடு தூக்கி வந்து கீழே வைத்தார்கள்.

ஏப்ரல் 8

காலையிலிருந்து சமையலறையில்தான் இருக்கிறாள். டப்பாக்களை இடம் மாற்றி வைத்ததற்குத் திட்டு. சுவர் இருந்த இடத்தில் தரை சற்றே மேடு. சக்கரம் கடக்கும்போது ‘தடக்’ என்கிறது. மதியம் சாய்ந்தபடி அந்தச் சத்தத்தை எண்ணத் தொடங்கினேன். எதுவரை எண்ணினேனோ, தூங்கிப்போனேன்.