ஜெப நோட்டில் முப்பத்தேழாம் எண்

போதகர் இல்லம்,
பிப்ரவரி 3.

கிறிஸ்துவுக்குள் அன்பான மகள் சிட்டுவுக்கு,

உன் அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்டால் பதில் வராது, தெரியும். கடிதம் என்றால் கேட்டுத்தானே ஆகவேண்டும், கேட்டுவிட்டேன்.

நீ என் போனை எடுத்து ஐந்து மாதம் ஆகிறது. அம்மாவின் போனை மட்டும் முதல் மணியிலேயே எடுக்கிறாய். அவளும் போன் அடித்த உடனே பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். என் மனைவி, என் மகள், என் வீடு, நான் மட்டும் கதவுக்கு வெளியே. ஒட்டுக்கேட்கலாம் என்றாலும் வழியில்லை. அந்தக் காலத்துக் கதவு, இரண்டு அங்குல மரம். நீங்கள் சிரித்தால் மட்டும் ஏதோ கேட்கிறது.

போனில் சொல்ல விடாததால் எழுத வேண்டியிருக்கிறது. கோபப்படாமல் படி. முதலாவது, உன் விஷயத்தை நான் டீக்கடையில் உட்கார்ந்து பேசவில்லை. உபவாச ஜெபத்தில் முழங்காலில் நின்று கண்ணீரோடு சொன்னேன். இரண்டாவது, சபை என்றால் ஒரே குடும்பம் என்று முப்பது வருஷமாகப் பிரசங்கம் செய்துவிட்டு, எனக்கு ஒரு கஷ்டம் வரும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டால் நான் வேஷக்காரன் இல்லையா? மூன்றாவது, “யார்கிட்டயும் சொல்லாதீங்கப்பா” என்று நீ சொன்னால் மனுஷரிடம் சொல்லாதே என்றுதானே அர்த்தம்? நான் ஆண்டவரிடம்தான் சொன்னேன். பக்கத்தில் அறுபது பேர் இருந்தார்கள், அது வேறு.

நீயும் மாப்பிள்ளையும் மூன்று மாதமாகத் தனித்தனியாக இருக்கிறீர்கள், என் மகள் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறாள், அவர்களைச் சேர்த்துவையும் ஆண்டவரே. இவ்வளவுதான் சொன்னேன். நம் தையல்காரர் அதைத் தன் மைத்துனியிடம் சொல்வார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த மைத்துனி உன் மாமியாரின் சபையில் பாடகர் குழுவில் இருக்கிறாள் என்றுதான் எனக்கு எப்படித் தெரியும்? அவள் அங்கே ஜெபக்குறிப்பு கொடுத்தாளாம். கொடுக்கும்போது மாப்பிள்ளை குடிக்கிறார் என்று ஒன்றைச் சேர்த்தும் கொடுத்தாளாம். சோடாவுக்கே முகம் சுளிக்கிற மனுஷன்! சம்பந்தியம்மா அதைத் தன் சபையில், தன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். உன்னோடு உட்கார்ந்து பேச அந்தச் சனிக்கிழமை வருவதாக இருந்த மாப்பிள்ளை வரவில்லை. இதெல்லாம் என் தலையில் விடிந்திருக்கிறது.

இங்கே என் பாடு உனக்குத் தெரியாது. நம் சபைச் செயலர் தபால் நிலையத்தில் ஓய்வுபெற்ற பிறகு, பதிவுத் தபாலுக்குக் காட்டிய ஒழுங்கையெல்லாம் ஜெப நோட்டில் காட்டுகிறார். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எண், தேதி. பதில் கிடைத்தால் டிக். நீ முப்பத்தேழாம் எண். வாராவாரம் புதன்கிழமை மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, “ஐயா, முப்பத்தேழு என்னாச்சு? டிக் போட்டுடலாமா?” என்று கேட்கிறார். அறுபது பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மார்ச் பதினெட்டாம் தேதி விவாகரத்துக்குக் கோர்ட்டு என்று அம்மா சொன்னாள். என்னை வரவேண்டாம் என்று நீ சொன்னதாகவும் சொன்னாள். அது எப்படி? நான் உன் தகப்பன். எட்டு மணி நேர ரயில்தானே, வந்து நிற்பேன். மனம் கசந்திராமல் ஜெபித்துத் தீர்மானம் எடு.

ஆண்டவருக்குள் உன் தகப்பன்.


போதகர் இல்லம்,
பிப்ரவரி 25.

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் பதில் அம்மா வழியாகக் கிடைத்தது. “அப்பா லெட்டர்ல மூணு பாயின்ட் இருக்கு, கடைசியில ஒரு பாட்டுதான் பாக்கி” என்றாயாமே. அதைச் சொல்லும்போது அம்மா சிரித்தாள். ஐந்து மாதத்தில் என் முன்னால் அவள் சிரித்தது அதுதான், அதுவும் என்னைப் பார்த்து. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிறகு கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். (ஆமாம், நகல் வைத்திருக்கிறேன். பிரசங்கக்காரன் புத்தி.) முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்றுதான் இருக்கிறது. என்ன சொல்ல?

இந்த மாதம் எல்லாரும் சேர்ந்து என் பொறுமையைச் சோதிக்கிறார்கள். பீடத்து மைக் நான் மெதுவாகப் பேசினால் உறுமுகிறது, கத்தினால் செத்துப்போகிறது. தையல்காரர் ஜெபிக்க எழுந்தால் உலகத்துத் தலைவர்களிடம் தொடங்கி, தன் தெருவுக்கு வந்து சேர இருபது நிமிஷம் ஆகிறது. கடைசியில் எதிர்க்கடைக்காரரின் புத்தி தெளிய வேண்டும் என்று ஆண்டவரிடம் மனு கொடுத்து முடிக்கிறார். எதிர்க்கடைக்காரரும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஜெபம் என்ற பெயரில் இவர்கள் ஒருவரையொருவர் பேசிக்கொள்கிற பேச்சுக்கு ஒரு கணக்கு இல்லை. இதை ஒருநாள் கண்டித்துப் பேசவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இவர்களையெல்லாம் விட எனக்கு எரிச்சல் மூட்டுகிற ஒருவர் உண்டு. ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை செய்கிற அம்மா, கடைசி பெஞ்சில் உட்காருவாரே, நினைவிருக்கிறதா? நாலு வருஷமாகப் புதன்கிழமை தவறாமல் கையைத் தூக்கி, “சொல்லாத விண்ணப்பம் ஒண்ணு இருக்குங்க ஐயா” என்பார். அவ்வளவுதான். என்ன, ஏது, யாருக்கு, ஒன்றும் கிடையாது. செயலர் நோட்டில் ஒரு எண்ணைப் போட்டுக் கோடு இழுத்து விடுவார். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். போன புதன்கிழமை கூட்டம் முடிந்து செருப்பு விடுகிற இடத்தில் பிடித்துக்கொண்டேன். “ஏம்மா, வலி எங்கேன்னு சொல்லாம டாக்டர்கிட்ட மருந்து கேட்க முடியுமா?” என்று கேட்டேன். நல்ல உவமை என்று எனக்கே தோன்றியது.

அந்த அம்மா குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டே, “டாக்டருக்குத் தெரியுங்க ஐயா. கம்பவுண்டருக்கு எதுக்கு?” என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. “தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட சொன்னா அது பிரசங்கத்துல வந்துடும். அதான்,” என்று சொல்லிவிட்டு, பஸ் போய்விடும் என்று ஓடிவிட்டார்.

வீடு வரும் வரை கறுவிக்கொண்டே வந்தேன். முப்பது வருஷமாக ஆறுதல் சொல்லிச் சொல்லி, எனக்குக் கிடைத்த பட்டம் கம்பவுண்டர். அம்மாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “அந்தம்மா சொன்னதுல என்ன தப்பு?” என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை தாழ்மை பற்றிப் பிரசங்கம் தயாரிக்க உட்கார்ந்தேன். உதாரணம் ஒன்றும் சிக்கவில்லை. பழைய குறிப்புகளைக் கட்டுக்கட்டாக எடுத்துத் தரையில் பரப்பினேன். சிட்டு, எந்தக் கட்டைப் பிரித்தாலும் நீதான் இருக்கிறாய். இருட்டுக்குப் பயந்து பாடிக்கொண்டே குளியலறைக்குப் போன சிட்டு, விசுவாசத்துக்கு உதாரணம். கணக்குப் பரீட்சைத் தாளைத் தலையணைக்குள் ஒளித்து வைத்த சிட்டு, மறைவான பாவத்துக்கு உதாரணம். பதினாறு வயதில் முகத்தில் பரு வந்ததற்குக் கண்ணாடியை உடைத்த சிட்டு, வெளி அழகின் மாயைக்கு உதாரணம். இருபத்தாறு வரை எண்ணினேன். அந்தக் கண்ணாடிக் கதைக்குச் சபையே சிரித்தது, பாடகர் குழுப் பையன்கள் உட்பட. நீ பாதியில் எழுந்து வெளியே போனாய். தண்ணீர் குடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த இருபத்தாறு கதையிலும் கடைசியில் நல்ல வார்த்தை சொல்கிறவன் நான்தான். ஒன்றில்கூட நான் முட்டாளாக இல்லை.

இதை எழுத மனம் வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். அந்த உபவாச ஜெபத்தில் நான் அழுதது பொய் அழுகை இல்லை. உனக்காகத்தான் அழுதேன். ஆனால் அழுதுகொண்டிருக்கும்போதே சபையும் அழுகிறது என்பது காதில் விழுந்தது. இன்று ஜெபம் நன்றாகப் போகிறது என்று எனக்குள் ஒருவன் சொன்னான். அதற்குப் பிறகுதான் விடுதி விஷயத்தைச் சொன்னேன். அது வரைக்கும் உன் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

அன்று அம்மா மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். “அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கு, நானே நேர்ல வந்து பக்குவமா சொல்றேன்” என்றுதானே நீ என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாய். தன் மகளின் கதையை அவள் அறுபது பேரோடு சேர்ந்து கேட்டாள். கண்ணைத் திறந்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முன்னால் இருக்கிறது. அதைப் பற்றி இதுவரை அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை உதாரணமே இல்லாமல் பிரசங்கம் செய்தேன். பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஐயாவுக்கு உடம்பு சரியில்லையா என்று வாசலில் ஏழு பேர் விசாரித்தார்கள்.

உன் அப்பா.


மார்ச் 12.

சிட்டு,

சுருக்கமாக எழுதுகிறேன். உன் அம்மாவின் உத்தரவு.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “இதுக்கு ஆறு மாசமா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். சாயங்காலம் காபியை மேஜையில் டொக்கென்று வைக்காமல் கையில் கொடுத்தாள். இப்போதைக்கு அதுவே எனக்குப் பெரிது.

மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதறாதே, உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் குடிப்பதாக நான் சொல்லவில்லை, ஆனால் அப்படிப் பேச வழி திறந்துவிட்டவன் நான், மன்னிக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் நாலு பக்கம் இருந்தது. அம்மா படித்துவிட்டுப் பேனாவை எடுத்து மூன்றரைப் பக்கத்தை அடித்துவிட்டாள்.

செயலரிடம் போய் முப்பத்தேழாம் எண்ணை நோட்டிலிருந்து அடிக்கச் சொன்னேன். அவர் திகைத்துவிட்டார். “அடிச்சா ஜெபம் கேட்கப்பட்டதுன்னு அர்த்தமா, கேட்கப்படலன்னு அர்த்தமா ஐயா?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், “எழுதக் கூடாததை எழுதிட்டோம்னு அர்த்தம்” என்று கத்திவிட்டேன். பாவம், அவர் மேல் என்ன தப்பு? ஸ்கேல் வைத்து நேராக அடித்துக் கொடுத்தார். அப்படியும் படிக்க முடிந்தது. நான் பேனாவை வாங்கி, படிக்க முடியாதபடி கிறுக்கினேன்.

நேற்றுக் கூட்டத்தில் விண்ணப்பங்கள் முடிந்து என் முறை வந்தது. சொல்லாத விண்ணப்பம் ஒன்று இருக்கிறது என்றேன். கூடம் முழுக்கத் தலை தூக்கியது. தையல்காரரால் அடக்க முடியவில்லை. “உடம்பு விஷயமா ஐயா, குடும்ப விஷயமா? தெரிஞ்சா ஜெபிக்க வசதியா இருக்கும்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து சலவை அம்மா ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். “ஆண்டவரே, ஐயா மனசுல இருக்கிறது உமக்குத் தெரியும், ஆமென்.” முடிந்தது. அந்தக் கூடத்தில் அவ்வளவு சின்ன ஜெபத்தை நான் கேட்டதே இல்லை. அம்மா மூன்றாவது பெஞ்சிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.

என்னால் உன் வாழ்க்கை போனதா, நான் வாயை மூடியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமா, எனக்குத் தெரியாது. ஆண்டவரிடம் கேட்டால் அவரும் சொல்லவில்லை. இதற்கு ஒரு பிரசங்கம் என்னிடம் இல்லை. உன் ரகசியத்தை வைத்து நான் நல்ல பெயர் எடுத்தேன். என்னை மன்னித்துவிடு, சிட்டு.

பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணி என்று அம்மா சொன்னாள். போன தடவை வந்து நிற்பேன் என்று எழுதினேன். இந்தத் தடவை கேட்கிறேன், நான் வரலாமா? உள்ளே வேண்டாம் என்றால் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உன் பையையும் தண்ணீர் பாட்டிலையும் பிடித்துக்கொள்கிறேன். அங்கி வேண்டாம், நீ வாங்கிக் கொடுத்த கோடு போட்ட சட்டையில் வருகிறேன், போதகர் என்று யாருக்கும் தெரியாது. வக்கீலுக்கு அறிவுரை சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் எந்த ஊர் என்று கேட்க மாட்டேன். கண்ணைக்கூட மூட மாட்டேன். நான் கண்ணை மூடினால் நீ பயப்படுவாய்.

வேண்டாம் என்று நீ சொன்னால் அம்மா மட்டும் வருவாள். அப்போது அன்று பத்தரை மணிக்கு நான் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். வெளியே யாருக்கும் ஒன்றும் கேட்காது. அந்தக் காலத்துக் கதவு.

அப்பா.