பவளத்தின் குட்டிக்கு வராத சூடு

கம்பம்

அன்பு மகள் ஷர்மினுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளை உமர் பாருக்கும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றிக் கேட்காதே. போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், இல்லாவிட்டால் நான் அழுதுவிடுகிறேன். அதனால்தான் இன்று ஷார்ஜாவுக்கு விமானம் ஏறும் அல்தாப் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமந்து வந்த நம் குதிரை பவளம் குட்டி போட்டது, இரண்டும் நலம் என்று சொன்னேன் அல்லவா, அது பாதிதான் உண்மை. குட்டி பிழைக்கவில்லை, நேற்று மௌத்தாகிவிட்டது. பதினோரு மாதத்தில் போட வேண்டியது பன்னிரண்டு தாண்டியும் போடாமல் இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ, உள்ளே ஒரு பந்தயக் குதிரை நிதானமாகத் தயாராகிறது என்று மார்க்கெட் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பிறந்தது எழுந்து நிற்கவே இல்லை. முன்னங்கால் மடங்கி, கீழ்த்தாடை முன்னால் தள்ளி, தொட்டால் ஈரத்துணி மாதிரி சில்லென்று கிடந்தது. உன் அம்மா பவளத்திடம் பால் கறந்து, உன் பிள்ளைக்கென்று வாங்கி வைத்திருந்த பாட்டிலில்தான் ஊட்டினாள், அதற்காக மனசு சங்கடப்படாதே, வேறு வாங்கிக்கொள்ளலாம்.

கால்நடை டாக்டர் சுகிர்தம் வந்து தாய்க்கும் குட்டிக்கும் ரத்தம் எடுத்து தைராய்டு பார்க்க மதுரைக்கு அனுப்பினார். ரிப்போர்ட் என் போனுக்குத்தான் முதலில் வந்தது. படித்த மேதை நான், இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே எண் இருப்பதைப் பார்த்ததும் தாயைப் போலவே பிள்ளை என்று டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். டீக்கடைக் கருத்தக்கண்ணன், என்ன பாய், ரெண்டும் ஒரே மார்க்கு, பக்கத்துல பாத்து எழுதிருச்சோ என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். டாக்டரம்மா வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. பாய், இது சமமா இருக்கக் கூடாது, பிறந்த குட்டிக்குத் தாயைவிடப் பல மடங்கு இருக்கணும், அந்தச் சூட்டுலதான் அது எந்திரிச்சு நின்னு பால் குடிக்கும் என்றார். என்ன தீனி போட்டீக என்று கேட்டார். நம் காய்கறி கமிஷன் கடையில் முட்டைக்கோஸின் மேல் இலையை உரித்துப் போடுகிறார்களே, அதைத்தான் சினைக் காலம் முழுக்கக் கூடை கூடையாகப் போட்டேன், சத்தான தீனி என்று. அந்த இலை அதிகமானால் தைராய்டை அமுக்கிவிடும், அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் இருக்கலாம் என்றார். தாய் தாங்கிக்கொண்டது, வயிற்றில் இருந்தது தாங்கவில்லை. பவளம் இன்னும் குட்டி கிடந்த இடத்தை மோந்துகொண்டு நிற்கிறது, மடி கனத்துப் பால் சொட்டுகிறது, எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், ரத்த டெஸ்டில் எண் சரியாக வந்துவிட்டது, அதனால் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று நீ உன் அம்மாவிடம் சொன்னாயாம். அவளும் சந்தோஷப்பட்டாள், நானும் தலையாட்டினேன். ஷர்மின், எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு ஏமாந்த ஆளின் கடிதத்தைத்தான் நீ இப்போது படித்துக்கொண்டிருக்கிறாய். டாக்டர் சுகிர்தத்திடம் கேட்டேன். நான் மாட்டு டாக்டர், என்னையக் கேட்டா எப்புடி பாய் என்றார், பிறகு குரலை இறக்கி, மாத்திரை போடுறதாலதான் எண்ணு சரியா இருக்கு, தானா நிறுத்தவே கூடாது, உடனே அவளோட டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க என்றார். உனக்கு ஆறாம் மாதம். உன் உடம்பில் ஒன்றும் தெரியாமலே போகலாம், பவளத்தின் உடம்பிலும் ஒன்றும் தெரியவில்லை.

உன்னையும் உன் வயிற்றில் இருக்கும் உயிரையும் அல்லாஹ் தன் காவலில் வைக்கட்டும், மாப்பிள்ளைக்கு என் சலாம். இதைப் படித்த கையோடு டாக்டருக்குப் போன் போடு, காலையில் டீக்கு முன்னால் வெறும் வயிற்றில் மாத்திரை. போட்டாச்சு அத்தா என்று ஒரு வரி அனுப்பு. என்னைத் திட்டி அனுப்பினாலும் சரி, அந்த வரி வரும்வரை இந்த வீட்டில் யாரும் தூங்கப் போவதில்லை.

உன் அத்தா,
முஜிபுர் ரஹ்மான்