அமோனியா வாசம் அடிக்காத வகுப்பு

என் அக்காளைக் கட்டிக்கொண்டு என்னையும் சேர்த்துச் சுமந்த மச்சானுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கெமிஸ்ட்ரி ஒருநாள் டிவிப் பெட்டிக்குள் போய்விடும் என்று திண்டுக்கல்லில் முதலில் சொன்னவன், ஒன்பதாம் வகுப்போடு நின்ற இந்த ஆரோக்கியம்தான். நீங்கள்தான் சிரித்தீர்கள். "நாத்தம் இல்லாம கெமிஸ்ட்ரியா? போயி பூ வண்டிய ஓட்டு மாப்ள."

இப்போது நீங்கள் பாடம் நடத்திய அதே வகுப்பறையில் உங்கள் மகள் ஸ்டெல்லா கம்ப்யூட்டரில் நடத்துகிறாள். புரொஜெக்டர் வந்தது என் வேனில், மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே. வழியெல்லாம் போலீஸே சல்யூட் அடித்தது.

முதல் வகுப்பைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தேன். நைட்ரஜன் நீலப் பந்து, ஹைட்ரஜன் வெள்ளைப் பந்து. சூட்டை ஏற்றியதும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நிலக்கோட்டைப் பூச்சந்தை மாதிரி இடித்துக்கொண்டு ஓடின. முட்டியதெல்லாம் சேரவில்லை மச்சான். வேகம் போதாதவை விலகிப் போயின. பலமாக முட்டியவற்றில்தான் ஒரு நீலத்தை மூன்று வெள்ளை பிடித்துக்கொண்டன. "இதுதான் அமோனியா" என்றாள். எனக்கே புரிந்துவிட்டது!

அப்போது ஒரு பிள்ளை எழுந்து, "மிஸ், அது எப்படி வாசம் அடிக்கும்?" என்றது.

ஸ்டெல்லா திரையையே திரும்பிப் பார்த்தாள். நீங்கள் பாட்டிலைத் திறந்து, கையால் மெல்ல விசிறி, மூக்கருகே காட்டுவீர்களே. மாலையில் அக்கா உங்களை வாசலிலேயே நிறுத்தி, "சட்டையக் கழத்திட்டு உள்ள வாங்க" என்பாளே. நான் ஒரு முழம் மல்லிகையை உங்கள் தோளில் போடுவேனே. அந்த இரண்டு வாசமும் கலந்த வீட்டை இனி எங்கே தேடுவேன்?

வகுப்பு முடிந்து வேனில் ஏறியவள் அழுதுவிட்டாள். "அப்பா இருந்தா இது பாடமே இல்லம்பாரு மாமா. மெஷின எடுத்துட்டுப் போயிருங்க."

"அடி கிறுக்கி! ஆஸ்பத்திரில ஒங்கப்பா எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? 'கம்ப்யூட்டர்லயே நடத்தச் சொல்லு மாப்ள, வாசத்துக்கு அவளே வழி பண்ணிக்கிருவா'ன்னாரு."

"நெசமாவா மாமா?"

"மல்லிகை மேல சத்தியம்."

மறுநாள் பந்துகளை ஓடவிட்டாள். அவை சேர்ந்த நேரத்தில் உங்கள் பழைய அலமாரியைத் திறந்து, பாட்டிலை எடுத்து, உங்களைப் போலவே விசிறினாள். "ஆத்தாடி!" என்று வகுப்பே மூக்கைப் பொத்தியது. எனக்குக் கண்ணில் தண்ணீர். அமோனியாதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

இனி உங்கள் பேரில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்ல மாட்டேன் மச்சான், இது உறுதி. இதை ஸ்டெல்லாவும் படிப்பாள், படிக்கட்டும். ஆஸ்பத்திரியில் நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை. "சாப்டியா மாப்ள?" என்று மட்டும்தான் கேட்டீர்கள். வாசத்துக்கு வழி கண்டுபிடித்தது முழுக்க அவள்தான்.

இன்னும் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாத,
உங்கள் மச்சினன் ஆரோக்கியம்